நாவின் கட்டும் வெண்பொடியும்

நமது பாடநூல்களில் வரும் மருத்துவ மேதைகள் எவரும் நடுங்குவதில்லை. கண்டுபிடிப்பின் ஆண்டு, கண்டுபிடித்தவரின் பெயர், அவர் பிறந்த நாடு, அகன்ற நெற்றியோடு கூடிய ஒரு படம்: இவ்வளவோடு அவர்தம் வாழ்வு முடிந்துவிடுகின்றது. அவர்கள் கடன்பட்டார்களா, பெரிய வீடொன்றின் வாயிலில் நின்று உட்செல்லத் தயங்கினார்களா, பிறமொழியிற் பேச நேர்ந்தவிடத்து நாக்குழறினார்களா என்பன போன்ற வினாக்களுக்கு அங்கே இடமில்லை. இத்தகைய வினாக்களை எழுப்புவது பெரியோரை இழிவுசெய்வதாகும் என்று எண்ணும் ஆசிரியரும் நம்மிடையே உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பெரியோரின் நடுக்கத்துக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலாண்டிலே கொக்கெயின் என்னும் வெண்பொடி ஐரோப்பிய மருத்துவத்துள் நுழைந்த கதையை, அந்த வரலாற்றை விலக்கிவிட்டு விளங்கிக்கொள்ள முடியாது.

1886ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 19ஆம் நாள் மாலை. பாரிஸ் நகரில், நரம்பு நோய் மருத்துவத்தின் முடிசூடா மன்னராக விளங்கிய ஷார்க்கோவின் மாளிகையிலே விருந்து. அமைச்சரும் எழுத்தாளரும் கலைஞரும் வந்துகூடும் மாளிகை அது. வியன்னாவிலிருந்து புலமைப் பயணமாக வந்திருந்த 29 வயது மருத்துவர் ஒருவருக்கும் அன்று அழைப்புக் கிடைத்தது. பிரெஞ்சு மொழியில் அவருக்குச் சரளமில்லை. கையிற் பணமுமில்லை, பல்கலைக்கழகம் வழங்கிய 600 கில்டர் உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவிட்டுக்கொண்டிருந்தவர். ஆயினும் புதிய சட்டையும் வெள்ளைக் கையுறையும் வாங்கினார். முடிதிருத்துவோனிடம் சென்று தாடியைப் பிரெஞ்சுப் பாணியிற் சீர்செய்துகொண்டார். பின்னர், நாவின் கட்டு அவிழ்வதற்காகச் சிறிதளவு கொக்கெயின் உட்கொண்டார்.

இவ்வளவையும் அவரே தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணான மார்த்தாவுக்குக் கடிதங்களில் எழுதியிருக்கின்றார். உடன்சென்ற மருத்துவ நண்பர் அஞ்சி ஒடுங்கியிருக்கத் தாம் மட்டும் அமைதியாக நடமாடியதையும், அன்றைய வெற்றி உண்மையில் தம்முடையதன்று, கொக்கெயினுடையதே என்பதையும் பாதி விளையாட்டாகக் குறிப்பிடுகின்றார். இரண்டு வாரங்களின் பின் அதே வீட்டில் இன்னொரு விருந்து; அதற்கும் அதே மருந்து. அம்மருத்துவரின் பெயர் சிக்மண்ட் பிராய்ட்.

உளப்பகுப்பாய்வின் தந்தை என்று பிற்காலத்திற் போற்றப்பட்ட ஒருவர், மனிதரின் முன்னே பேசுவதற்குப் பொடியை நாடினார் என்றதும் சிலர் நகைப்பர். வேறு சிலரோ, மேதைகளின் விசித்திரம் என்று கூறி அமைவர். இரு சாராரும் அந்தச் சட்டையையும் கையுறையையும் கவனிப்பதில்லை. பிராய்டின் தந்தை கம்பளி வணிகத்தில் நொடித்துப்போனவர். 1860இல் குடும்பம் வியன்னாவிற் குடியேறியது. யூதக் குடும்பம். 1881இல் மருத்துவப் பட்டம் பெற்ற பிராய்டுக்கு ஆராய்ச்சியிலேதான் நாட்டம். ஆனால் 1882ஆம் ஆண்டு திருமணம் நிச்சயமாகியபோது, அவருடைய ஆசிரியர் புரூக்கே உள்ளதை உள்ளபடி கூறிவிட்டார்: ஆய்வுகூடம் சோறு போடாது, பணமில்லாதவன் வைத்தியத் தொழிலுக்குப் போவதே மேல். பிராய்ட் ஆய்வுகூடத்தை விட்டு வியன்னாப் பொது வைத்தியசாலையிற் சேர்ந்தார். குடும்பம் நடத்தும் வசதியின்மையால் திருமணம் நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. பெயர்பெறத்தக்க ஏதேனும் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் மார்த்தாவின் கரம்பற்றலாம் என்ற ஏக்கம் அக்காலக் கடிதங்கள் பலவற்றில் இழையோடுகின்றது. ஷார்க்கோவின் கூடத்தில் அவரது நாவைக் கட்டியது பிறவிக் கூச்சம் மட்டுமன்று. வாடகையும் கடனும் இனத்தைக் குறித்த ஏளனமும் சேர்ந்து முறுக்கிய கயிறு அது.

கொக்கா இலையின் கதையும் இதனோடு வந்து பொருந்துவதைக் காண்கின்றோம். தென்னமெரிக்காவின் அந்தீசு மலைச்சாரலில் வாழும் மக்கள் தொன்றுதொட்டு அவ்விலையை மென்று வந்தவர்கள். அந்நாட்டைக் கைப்பற்றிய ஸ்பானியர் முதலில் அதனைப் பேய்வழிபாட்டின் எச்சம் என்று இகழ்ந்தனர். ஆனால் பொத்தோசி வெள்ளிச் சுரங்கங்களில் அடிமைபோல் உழைத்த மலைமக்கள் அந்த இலை இருந்தால் பசியையும் களைப்பையும் பொறுத்துக்கொண்டு வேலை செய்வர் என்று கண்டதும் இகழ்ச்சி அடங்கிவிட்டது. இலைக்கு வரியும் விதிக்கப்பட்டது. 1860ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் நீமன் அந்த இலையின் சாரத்தைப் பிரித்தெடுத்துக் கொக்கெயின் என்று பெயரிட்டார். 1883இல் அஷன்பிராண்ட் என்னும் படை மருத்துவர், பயிற்சியிற் களைத்த பவேரியச் சிப்பாய்களுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் மீண்டும் எழுந்து நடந்ததாக அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையே பிராய்டின் கண்ணிற் பட்டது.

சுரங்கத் தொழிலாளி பசியை மறந்து வெள்ளி தோண்டுவதற்கு ஓர் இலை. சிப்பாய் களைப்பை மறந்து நடப்பதற்கு அதே இலையின் சாரம். ஏழை மருத்துவன் தன் ஏழ்மையை மறந்து சீமான்களின் கூடத்திற் சிரித்துப் பேசுவதற்கும் அதுவேதான். நமது நாட்டுக்கும் இந்த இலை புதிதன்று. 1870ஆம் ஆண்டளவிலே இலண்டன் கியூ தாவரப் பூங்காவிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குக் கொக்காச் செடி கொண்டுவரப்பட்டது. கோப்பியை நோய் தின்று அழித்துக்கொண்டிருந்த அக்காலத்தில், வேறு எதை நட்டால் இலாபம் வரும் என்று தேடிய துரைமார் சிலர் மலைநாட்டில் அதனைப் பயிரிட்டும் பார்த்தனர். பின்னர் யாவாத் தீவு அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. மருத்துவ வரலாற்றைப் படிக்கும்போது தோட்ட வரலாறும் கூடவே வந்து நிற்பது நமது பேறு!

பிராய்ட் 1884ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஜெர்மனியின் மேர்க் கம்பனியிடம் கொக்கெயின் தருவித்தார். விலையைக் கண்டு திகைத்தார். எனினும் வாங்கினார். இருபதில் ஒரு பங்கு கிராம் உட்கொண்டதும் மனச்சோர்வு நீங்கி, உணவு செரித்து, உற்சாகம் பிறந்ததை உணர்ந்தார். அவ்வளவுதான், மார்த்தாவுக்கும் அனுப்பினார், சகோதரிமாருக்கும் நண்பருக்கும் கொடுத்தார். அவ்வாண்டு ஜூலை மாதத்திலே கொக்காவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. செரிமானக் கோளாறு, உளச்சோர்வு, மோர்பின் அடிமைத்தனம் ஆகியவற்றுக்கு இது மருந்தாகும் என்று அக்கட்டுரை பரிந்துரைத்தது. தன் உடலிற் கண்ட சுகத்தை உலகுக்கெல்லாம் பொதுவிதியாக்கும் தவற்றை அறிவியல் மன்னிப்பதில்லை. அதற்கான விலையைப் பிராய்ட் கொடுக்கவில்லை. அவருடைய நண்பர் கொடுத்தார்.

ஏர்ன்ஸ்ட் பொன் பிளைஷல் மார்க்சோ செல்வக் குடியிற் பிறந்தவர், அழகர், அறிவுக்கூர்மை மிக்கவர். பிராய்ட் அவரைப் போல் வாழ விரும்பினார் என்றே கூறலாம். பிணப்பரிசோதனை ஒன்றின்போது ஏற்பட்ட நச்சுத்தொற்றினாற் கட்டைவிரல் துண்டிக்கப்பட்டது. வெட்டப்பட்ட இடத்தில் நரம்புக் கட்டிகள் மீண்டும் மீண்டும் தோன்றின. வேதனையைத் தாங்கமாட்டாது மோர்பின் ஏற்றத் தொடங்கி அதற்கே அடிமையானார். ஆராய்ச்சியில் அவருக்கிருந்த பெயரைக் காப்பாற்றவேண்டும். நாட்கணக்காக உறங்காது கணிதமும் பௌதிகமும் படித்தார். வெளியே ஒருவருக்கும் தெரியக்கூடாது. பிராய்ட் அவருக்கு மோர்பினை நிறுத்துவதற்கென்று கொக்கெயினைக் கொடுத்தார். முதலிற் சில நாட்கள் அதிசயமான முன்னேற்றம். ஓராண்டிற்குள் நாளொன்றுக்கு ஒரு கிராம் வரை கொக்கெயின். தோலின் மேல் வெள்ளைப் பாம்புகள் ஊர்வதாக அவர் அலறிய இரவுகளில் அருகிலிருந்து பார்த்தவரும் பிராய்டே. மோர்பினும் போகவில்லை, கொக்கெயினும் போகவில்லை. 1891இல் 45 வயதில் பிளைஷல் மறைந்தார்.

இதில் நம்மை உறுத்துவது அளவு தவறியது மட்டுமன்று. நண்பர் சீரழிந்துகொண்டிருந்த 1885ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே, மோர்பின் நோயாளிக்குக் கொக்கெயின் தருவதால் தீங்கில்லை என்று பிராய்ட் பொதுமேடையில் உரையாற்றினார். ஏர்லன்மயர் என்னும் மருத்துவர், மதுவுக்கும் மோர்பினுக்கும் அடுத்து மனித குலத்தைத் தாக்கும் மூன்றாவது கொடுமை என்று கொக்கெயினைச் சாடியபோது, 1887இல் பிராய்ட் மறுப்பு எழுதிக் குற்றத்தை மருந்தேற்றும் ஊசியின்மீதும் நோயாளியின் பலவீனத்தின்மீதும் சுமத்தினார். ஊசிமூலம் ஏற்றலாம் என்று தாமே முன்னர் கூறிய அந்த உரையை, 1897இல் தயாரித்த தம் படைப்புப் பட்டியலிற் சேர்க்காமல் விட்டார். மறதியையும் நாக்குத் தவறுதலையும் துருவித் துருவி ஆராய்ந்த அறிஞர் இந்த மறதியை ஆராயவில்லை.

கொக்கெயினால் நிலைத்த புகழ் பெற்றவர் கார்ல் கொல்லர். அவரும் வியன்னாவில் வறிய இளம் யூத மருத்துவர்தாம். நாக்கு மரத்துப்போகிறது என்று பலரும் கண்டு சும்மா விட்டதைக் கொல்லர் விடவில்லை. கண்ணுக்கு ஏற்ற விறைப்பு மருந்தை நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். தவளையின் கண்ணில் ஒரு துளி. பின் முயலுக்கும் நாய்க்கும். பின் தமது கண்ணிலேயே விட்டுக்கொண்டு ஊசித் தலையாற் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். உணர்வில்லை. 1884 செப்டெம்பர் 15இல் ஹைடல்பேர்க் நகரில் நடைபெற்ற கண் மருத்துவர் மாநாட்டில் இச்செய்தி வாசிக்கப்பட்டது. வாசித்தவர் கொல்லர் அல்லர். இரயிற் செலவுக்குப் பணம் இல்லாதபடியால் அவர் வியன்னாவில் இருந்துவிட்டார். வேறொரு மருத்துவர் அவர் சார்பில் வாசித்தார். சத்திரசிகிச்சையின் வரலாற்றை மாற்றிய அறிக்கை ஒன்று, ஆசிரியனின் பயணச்சீட்டுக்குக் காசில்லாமல் அவனைப் பிரிந்து சென்றது.

சில மாதங்களில், 1885 ஜனவரியில், வைத்தியசாலையில் ஒரு நோயாளியின் விரற்கட்டை இளக்குவது பற்றி எழுந்த தகராறிலே சக மருத்துவர் ஒருவர் கொல்லரை இனப்பெயர் சொல்லி ஏசினார். கொல்லர் அறைந்தார். வாட்போர் நிகழ்ந்தது. கொல்லர் காயமின்றித் தப்பினார், ஏசியவர் காயமுற்றார். ஆனால் வியன்னாவில் கொல்லரின் எதிர்காலம் அத்துடன் முடிந்தது. ஒல்லாந்து சென்று, 1888இல் நியூ யோர்க் சேர்ந்து, அங்கேயே வாழ்ந்து 1944இல் மறைந்தார். உலகப் புகழும் ஒருவனுக்கு அவன் ஊரிலே ஓர் இருக்கையை வாங்கித் தருவதில்லை என்பதைப் பிராய்ட் அருகிலிருந்து கண்டார். அதற்கு மறு ஆண்டுதான் அவர் வெள்ளைக் கையுறை அணிந்து பாரிஸ் மாளிகைக்குச் சென்றது.

எல்லாவற்றையும் வறுமையில் ஏற்றிவிட முடியாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். வில்லியம் ஹால்ஸ்டெட் நியூ யோர்க்கின் செல்வக் குடும்பத்தவர். துணிவுக்கும் கலகலப்புக்கும் பெயர்போன இளம் சத்திரசிகிச்சையாளர். கொல்லரின் செய்தி எட்டியதும், நரம்பருகே கொக்கெயினை ஏற்றி ஓர் உறுப்பையே விறைக்கச் செய்யும் முறையை அவரும் நண்பர்களும் தம் உடல்களிலேயே சோதித்தனர். நரம்புவிறைப்பு முறை பிறந்தது; சோதித்தவர் பலர் அடிமையாயினர். மனநோய் வைத்தியசாலையில் ஹால்ஸ்டெட்டுக்குக் கொக்கெயினுக்கு மாற்றாக மோர்பின் கொடுக்கப்பட்டது. மீண்டு வந்தவர் வேறொரு மனிதர். பால்ட்டிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் அவர் அமெரிக்கச் சத்திரசிகிச்சைக்கே புதிய இலக்கணம் வகுத்தார். ஆனால் ஆட்களைக் கண்டால் விலகிச் செல்பவராக, கதவடைத்துக்கொண்டு வாழ்பவராக மாறிவிட்டார். பிராய்டுக்கு அச்சம் முந்தியது, மருந்து பிந்தியது. ஹால்ஸ்டெட்டுக்கோ மருந்து முந்தி அச்சம் பின்தொடர்ந்தது. அவர் மோர்பினை விடவில்லை என்பதை அறிந்திருந்த சக பேராசிரியர் ஒஸ்லர், அதனை இரகசியக் குறிப்பாக எழுதி வைத்தார். ஹால்ஸ்டெட் 1922இல் இறந்தார். குறிப்பு 1969இலேதான் வெளியாயிற்று.

அந்த மௌனத்தை அன்பின் செயல் என்று பாராட்டலாம். நமக்கும் மறுப்பில்லை. அந்த அன்பினால் ஒரு மனிதர் வேலையை இழக்காமல், மதிப்பை இழக்காமல், எண்ணற்ற உயிர்களைக் காத்தார். ஆனால் அதே நாட்டில் அதே காலத்தில் அந்த அன்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்பது நமது கடமையாகும். தென்மாநிலங்களிலே துறைமுகத்தில் மூட்டை சுமந்த கறுப்பினத் தொழிலாளர் களைப்பைத் தாங்கக் கொக்கெயினை உட்கொண்டனர். 1914 பெப்ரவரியில் நியூ யோர்க் நாளேடு ஒன்றில் மருத்துவர் ஒருவர் எழுதிய கட்டுரை அவர்களைக் கொலைவெறி கொண்ட பிசாசுகளாகச் சித்திரித்தது. அவ்வாண்டு இறுதியில் போதைப்பொருட் சட்டம் நிறைவேறியது. பேராசிரியர் ஹால்ஸ்டெட் அப்பொழுதும் பால்ட்டிமோரில் கற்பித்துக்கொண்டுதான் இருந்தார். ஒருவருக்குப் பூட்டிய பேழை, மற்றவருக்குப் பூட்டிய சிறை.

இலங்கையிலும் கதை வேறன்று. இந்திய அபினைக் கடைபோட்டு விற்க உரிமம் வழங்கி அதன்மூலம் வருவாய் ஈட்டி வந்த அரசு, 1910ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அபின் உண்போரைப் பதிவேட்டில் ஏற்றியது. நாட்டு வைத்தியரும் அப்பதிவுக்குள் வந்தனர். விற்றவனுடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவனே பதிவேட்டை வைத்திருந்தான்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கும் நிலையில் நாம் இன்று இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் 'ஐஸ்' என்னும் பொருள் இளைஞர் கைகளிற் புழங்குவதைப் பெற்றோர் அறிவர், ஆசிரியர் அறிவர். அதுவும் ஆய்வுகூடத்திற் பிறந்ததே. 1893இல் நாகாய் என்னும் யப்பானிய அறிஞர் ஆக்கிய மெதம்பெட்டமின் அது. இரண்டாம் உலகப் போரிற் சிப்பாய்களுக்கு அது வழங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதற்குக் கடுந்தண்டனை விதித்துள்ளது. விற்போரைப் பிடிப்பது தேவையே. ஆயினும் பயம் போகும், பேச்சு வரும், நாலு பேருக்கு முன் நிமிர்ந்து நிற்கலாம் என்று சொல்லித்தான் அது கைமாறுகிறதென்று கேள்விப்படும்போது, நமக்கு ஷார்க்கோவின் மாளிகை வாயில் நினைவுக்கு வருகின்றது. அப்படி அஞ்சுபவன் எதைக் கண்டு அஞ்சுகின்றான் என்று சட்டம் கேட்பதில்லை. நாமாவது கேட்கவேண்டாமா?

நாரந்தனையிலோ வேலணையிலோ பிறந்த ஒரு பிள்ளை பண்ணைப் பாலத்தைக் கடந்து நகரத்துக்குப் போகும்போது, 'தீவான்' என்ற ஒரு சொல் அங்கே அவனுக்காகக் காத்திருக்கின்றது. பல்கலைக்கழகத்துக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போனால் ஆங்கிலம் காத்திருக்கின்றது. வள்ளுவர் அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதனைப் பொருட்பாலில் வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் அதனை நாம் வகுப்பிற் கற்பிக்கும் முறை, அஞ்சுபவனை மேலும் கூசச் செய்வதாகவே இருந்துவருகின்றது.

நாவின் கட்டு எங்கே விழுகின்றது என்பதை விளங்கிக்கொண்ட மருத்துவர் ஒருவர் நமது மண்ணிலேயே இருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனரி சாமுவேல் பிஷ் கிறீன், ஆங்கிலத்திற் பயின்ற மாணவர் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவதையும் கிராமங்கள் வைத்தியரின்றி நிற்பதையும் கண்டு, 1860களிற் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். அதற்கென்று மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' அவற்றுள் ஒன்று. அவருடைய நோக்கத்தில் மதப்பரப்பலும் கலந்திருந்தது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் எலும்பின் பெயரையும் நரம்பின் பெயரையும் தன் தாய்மொழியிற் சொல்லக் கற்ற மாணவன், ஆசிரியர் முன்னிலையில் மொழிக்காக நடுங்கவேண்டியிருக்கவில்லை. கிறீன் தம் தாயகத்திற் காலமானது 1884ஆம் ஆண்டு. பிராய்டின் கொக்காக் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டு.

பிராய்டுங்கூட இறுதியில் வேறு வழி கண்டார். 1890களின் பிற்பகுதியிற் கொக்கெயினை விட்டார். நோயாளியைச் சாய்வு கட்டிலிற் கிடத்தி, தாம் அவர் கண்ணிற் படாதபடி தலைமாட்டின் பின்னே அமர்ந்து கேட்கும் முறை அவருடைய சிகிச்சையின் அடையாளமாயிற்று. ஏன் அப்படி என்பதற்கு 1913இல் அவர் எழுதிய விளக்கத்தில் தத்துவக் காரணங்களுக்கு முன்னே ஒரு சொந்தக் காரணமும் வருகின்றது: நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் பிறர் தம்மை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தம்மாற் பொறுக்க முடியாதாம்.

அதனைப் படித்த பின்னர் நாம் நமது வகுப்பில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். பேச்சுப் பயிற்சிக்கு எழுப்பினால் வியர்த்து நின்றுவிடும் மாணவன் ஒருவன் இருந்தான். மீன்பிடித் தொழிலாளியின் மகன். கரும்பலகைக்கு முன்னே வரவேண்டாம், வாங்கில் இருந்தபடியே யன்னலைப் பார்த்துக்கொண்டு பேசு என்றோம். மற்றப் பிள்ளைகள் கொப்பியிற் குறிப்பெழுதவேண்டும், அவனைப் பார்க்கக்கூடாது. சோளகக் காற்றில் வலை எப்படி இழுபடும், படகு எந்தப் பக்கம் சரியும் என்று அவன் தொடங்கினான். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தான்.